கொடி குத்தாண்டாம்

வேலைக்கு வந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. சாலைக் கடைத்தெருவில் கயிறு, வலை, தார்ப்பாய் விற்கிற குடும்பம் எங்களுடையது. திருநெல்வேலியிலிருந்து மலையாளச் சீமைக்கு வந்து தாத்தா போட்ட கடை. அங்கே சும்மா நிற்கிற ஆளைப் பார்த்து, "என்னவே, தூணுக்குத் துணையா?" என்று கேட்போம். அதனால் சிஸ்டரை முதல் நாள் பார்த்தபோதே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரீ இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் தெற்கே, எல்லைப் பக்கம். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், ஜெபம் தமிழில். எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டோம். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, நானும் எழுதப்போவதில்லை. இப்போது மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார்.

கொரோனா கழிந்த மறு வருஷம் அது. எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தால் காலை எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் பயமுறுத்தினார். கடைக்கு வலை வாங்க வந்த ஒரு ரிட்டையர்டு வாத்தியார் அதைக் கேட்டுவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை எங்களோட வாங்க, நல்லா வேர்க்க வைக்கிறோம்" என்று இழுத்துக்கொண்டு போனார். நகரத்துக்குத் தெற்கே, உழவு விட்டுப்போன வயலும் ஒரு குளமும் கொஞ்சம் தாழம்புதருமாகப் பன்னிரண்டு ஏக்கர். பறவைகளுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். சரணாலயம் என்பது அதற்குப் பெரிய வார்த்தை. ஒரு போர்டு, ஒரு கம்பிவேலி, ஒரு மாமரம், அவ்வளவுதான். வாத்தியார்தான் அதற்கு எல்லாம். தொண்டு செய்யக் காலேஜ் பிள்ளைகளும் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களும் வருவார்கள்.

முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை, குளத்தில் இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுவது. முழங்கால் சேற்றில் நின்று ஒரு மணி நேரம் இழுத்தேன். முதுகு விட்டுப்போயிற்று. கரையில் ஒரு அம்மாள், கையை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, பந்தியை மேற்பார்வை பார்க்கிற சம்பந்தி மாதிரி நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சுரீரென்று வந்தது.

"ஏம்மா, ஒரு கை பிடிக்கக்கூடாதா? எல்லாரும் வேலைக்குத்தானே வந்திருக்கோம்?"

அவர் கோபப்படவில்லை. "பிடிக்கலாம் அண்ணாச்சி. ஆனா நீங்க அடுத்து வலிச்சு இழுக்கப்போற மூலை இருக்குல்லா, அதில கை வைக்காண்டாம். அங்க ஒருத்தி அடையிருக்கா."

பார்த்தேன். இலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இன்னும் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு அலகு, அதற்கு மேலே ஒரு கண். தாழைக்கோழி. என் கைக்கு எட்டுகிற தூரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் கூட்டோடு கரைக்கு வந்திருக்கும். வெட்கமாகப் போயிற்று. ஆனால் அதை ஒத்துக்கொள்கிற ஆளா நான்? "முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்று முறைத்தேன்.

"நீங்க நல்லா வேலை செய்துட்டு இருந்திய. தேவை வரும்போ சொல்லலாம்னு நின்னேன்," என்றார்.

எப்போதும் அப்படித்தான். நடக்கும்போதும் கை பின்னால்தான் இருக்கும். ஒரு செடியை விலக்கிப் பார்க்கமாட்டார். குனிந்து பார்ப்பார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார், சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துகூடப் பார்ப்பார், இலையில் விரல் படாது. வேறு யாராவது கையை நீட்டினால் "தொடாண்டாம்" என்பார். தொடவேண்டாம் என்பதற்கு அவர் ஊர்ப் பேச்சு, அந்த ஒரு வார்த்தைதான். மலையாளப் பிள்ளைகளுக்கும் அது பழகிப்போய், ஒருத்தர் டிபனில் ஒருத்தர் கை வைத்தால்கூட "தொடாண்டாம் கேட்டோ" என்று கேலி செய்வார்கள். சிஸ்டரும் சேர்ந்து சிரிப்பார்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அந்தக் கைகள் முன்னால் வரும். அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் கொண்டுவருவார். எனக்குச் சர்க்கரை என்று தெரியும். இருந்தாலும் ஒரு துண்டு நீட்டுவார். "ஒரு துண்டு. ரெண்டாவது கேக்காண்டாம்."

ஒருநாள் அந்தக் கிழங்கைத் தின்றுகொண்டே, எங்கே பிடித்தீர்கள் இந்தக் கை கட்டுகிற வியாதியை என்று கேட்டேன்.

"தியேட்டர்ல கை கழுவி உறை போட்டாச்சுன்னா எதையும் தொடப்பிடாது அண்ணாச்சி. மூக்கு அரிச்சாலும் சொறியப்பிடாது. டாக்டர் கேட்டதைக் கேட்ட நேரத்தில குடுக்கணும், அம்புட்டுதான். புதுசா வாற பிள்ளைக ரெத்தத்தைக் கண்டதும் உதவி செய்யேன்னு கைய உள்ள விடும். அதுகள அடக்கதுதான் எனக்குப் பெரிய பாடு. சும்மா நிக்கது லேசான வேலையின்னா நினைச்சிய?"

கோடையில் அட்டைப்பெட்டிக் குழந்தைகள் வர ஆரம்பிக்கும். நாங்கள் வைத்த பெயர் அது. பறக்கப் பழகும்போது கீழே இறங்குகிற குஞ்சுகளை, பாவம் அநாதை என்று நினைத்துப் பெட்டியில் போட்டு எடுத்துவந்துவிடுவார்கள். பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஒரு அம்மாள் செருப்புப் பெட்டியில் குண்டுகரிச்சான் குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து, கண்கலங்க நீட்டினார். சிஸ்டர் வாங்கவே இல்லை. "எடுத்த இடத்தில கொண்டு விடுங்க. தாய் அங்க நின்னு கூப்பிட்டுட்டு இருப்பா."

"ஐயோ, அவிடே பூச்சயுண்டு சிஸ்டரே!"

"பூனை உங்க பூனைதானே? அதைப் பிடிச்சுப் பெட்டியில போடுங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அந்தச் சாரைப்பாம்பு விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சநாள் அவரோடு பேசவே இல்லை.

கருவி வைக்கிற கொட்டகைக்குப் பின்னால், இடுப்பளவுச் செடியில் ஒரு கொண்டைக்குருவி இரண்டு குஞ்சு பொரித்திருந்தது. பிள்ளைகள் பத்து நாளாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் பார்க்கப் பார்க்கவே சாரை அந்தச் செடியில் ஏறியது. தாய்க்குருவி கத்திய கத்தலைக் கேட்க முடியவில்லை. ஒரு காலேஜ் பெண் அழுதேவிட்டாள். நான் கம்பை எடுத்துவிட்டேன்.

"கம்பைக் கீழ போடுங்க அண்ணாச்சி," என்றார் சிஸ்டர்.

போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. அந்தக் குரலுக்கு டாக்டர்களே பயந்திருப்பார்கள். பாம்பு இரண்டு குஞ்சையும் விழுங்கிவிட்டு, அவசரமில்லாமல் இறங்கிப் போயிற்று. "நீங்கல்லாம் ஒரு நர்ஸா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. பின்னால் கோத்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. பாம்பு போன வழியைப் பார்த்துக்கொண்டே, "சாரைக்கும் வயிறு உண்டும்லா," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருஷக் கோடையைப் பற்றி.

ஏப்ரலில் வயல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிடும். ஆட்காட்டிக் குருவிக்கு அதுதான் பிள்ளைபெறும் காலம். ஆளைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டுமே, நீண்ட மஞ்சள் காலோடு, அந்தக் குருவிதான். அது கூடு கட்டாது. வெறுந்தரையில் நாலு கூழாங்கல்லைக் கூட்டி, மண் நிறத்தில் நாலு முட்டையை வைத்துவிட்டு மேலே உட்காரும். காலில் மிதிபடும்வரை மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. அந்த வருஷம் ஆறு இடத்தில் முட்டை இருந்தது. பள்ளிக்கூட லீவு வேறு. காமிராக்காரர்களும் பைக்கில் வருகிற பயல்களுமாக ஒரே கூட்டம். ஒருநாள் பார்த்தால், ஒரு கூட்டுக்குச் சாண் தூரத்தில் பைக் டயர் போன தடம்.

மாமரத்தடியில் கூட்டம் போட்டோம். நான்தான் எழுந்து யோசனை சொன்னேன். இந்த ஊரில் ஒரு நிலத்தில் கொடி குத்தினால் அதற்கு அர்த்தம் உண்டு. வயலை மண்போட்டு நிரப்ப ஆள் வந்தால், கட்சிக்காரர்கள் கொடி குத்திவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் ஒருத்தன் அங்கே காலை வைக்கமாட்டான். அதைத்தான் நாமும் செய்வோம், கூட்டுக்கு ஒரு கொடி, துணியும் கம்பும் என் செலவு என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேச்சு. சிவப்புக்கு ஒரு கட்சி, பச்சைக்கு ஒரு கட்சி, காவிக்கு ஒரு கட்சி, மஞ்சளுக்கும் ஆள் இருக்கிறது. கடைசியில் என் கடையில் விலைபோகாமல் கிடந்த ரோஸ் நிற நைலான் துணிதான் எந்த வம்புக்கும் போகாது என்று முடிவாயிற்று.

சிஸ்டர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "கொடி குத்தாண்டாம்."

"அப்ப மிதிச்சிட்டுப் போகட்டுமா?" என்று நான் எகிறினேன்.

"முட்டை தெரியாம இருக்கதுதான் அதுக்குக் காவல் அண்ணாச்சி. நாம அடையாளம் வைக்காண்டாம். வாசல்ல ஆள் நின்னு பைக்கைத் தடுத்தாப் போதும்."

வாசலில் தினமும் நிற்க யாருக்கு நேரம்? வாத்தியார் கை தூக்கச் சொன்னார். சிஸ்டரைத் தவிர எல்லாரும் தூக்கினோம். அவர் வாதாடவில்லை. நானே ஆறு கொடியையும் குத்தினேன். ஒரு கூட்டில் மூன்று முட்டை, மற்றதில் எல்லாம் நாலு. ரோஸ் கொடி காற்றில் பறந்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

மனுஷன் ஒருத்தனும் அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. அந்த மட்டில் என் கணக்குச் சரிதான்.

நாலாம் நாள் ஒரு கூடு காலி. நாய் என்றார் வாத்தியார். அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. கீரியாக இருக்கும் என்றேன். கொடி தாழ்வாக இருக்கிறது, ஆட்டமாக ஆடினால் நாய் நரி எதுவும் அண்டாது என்று சொல்லி, கம்பை இன்னும் நீளமாக வெட்டி உயரமாக வேறு நட்டேன். புத்தி கெட்டவன்! கடை திறக்கும் முன்பு தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மூன்றாவது, நாலாவது என்று போய்க்கொண்டே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் பார்த்தேன். ஒரு காக்கை வந்து கொடிக்கம்பின் உச்சியில் உட்கார்ந்தது. சாவகாசமாக இரண்டு பக்கமும் பார்த்தது. கம்படியில் இறங்கி, ஓட்டல் மேஜையில் உட்கார்ந்தவன் மாதிரி ஒவ்வொரு முட்டையாகக் குத்தித் தின்றது. தாயும் தகப்பனும் தலைக்கு மேலே பறந்து பறந்து கொத்தின, இன்னும் இரண்டு காக்கைகள் வந்து அவற்றைத் துரத்திக்கொண்டு போயின. தின்று முடித்த காக்கை அங்குமிங்கும் தேடவே இல்லை. நேராக அடுத்த கொடிக்குப் பறந்து, அங்கே ஏற்கெனவே காலி என்று கண்டு, அதற்கடுத்த கொடிக்குப் போயிற்று.

நாயும் இல்லை, கீரியும் இல்லை. நான்தான்.

மாமரத்தடிக்கு ஓடினேன். சிஸ்டர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவரும் பார்த்திருக்கிறார். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை வரும், வாங்கிக்கட்டிக்கொள்வோம் என்று நின்றேன். வரவில்லை. என் வீட்டுக்காரியாக இருந்தால் அதைச் சொல்லியே என்னைச் சுடுகாடுவரை கொண்டுபோய் விட்டிருப்பாள். சிஸ்டர் கேட்டது இதுதான்: "ஆறாவது என்னாச்சு?"

ஆறாவது மிஞ்சியிருந்தது. என் சாமர்த்தியத்தால் இல்லை. வேலிக்குள் புகுந்த ஒரு ஆடு அந்தக் கொடித்துணியைத் தின்று, கம்பையும் சாய்த்துப் போட்டிருந்தது. வயல் முழுவதற்கும் இனி அந்த நாலு முட்டைதான்.

"எல்லாக் கொடியையும் பிடுங்கிடறேன் சிஸ்டர்."

"பிடுங்கினா, நீங்க குனிஞ்ச இடத்தையெல்லாம் காக்கா பாக்கும். இப்போ அதுக்கு நம்மளைத் தெரியும்." அவர் வயலைக் கண்ணால் அளந்தார். "அந்தத் துணி கடையில மிச்சம் இருக்கா அண்ணாச்சி?"

"கிடக்கு. எதுக்கு?"

"நூறு கொடி வேணும்."

இந்த அம்மாளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றே நினைத்தேன். "என்ன சிஸ்டர் இது! சாரை தின்னப்ப கம்பைப் போடச் சொன்னது நீங்க. தொடாண்டாம் தொடாண்டாம்னு சொல்றதும் நீங்க. இப்ப காக்கா தின்னா மட்டும் என்ன?"

"சாரை தேடித் தின்னுச்சு. அது அதுக்க பாடு. இந்தக் காக்காய்க்கு நாமல்லா இலை போட்டு வெளம்பினோம்? கொடி இருந்தா சோறு இருக்கும்னு படிப்பிச்சது நாம. கொடி இருந்தா ஒண்ணும் இல்லைன்னும் நாமதான் படிப்பிக்கணும். கெடுத்தாச்சுன்னா கையைக் கட்டிட்டு நிக்க நமக்கு அவகாசம் இல்ல." அவகாசம் என்று அவர் சொன்னது மலையாள அர்த்தத்தில், உரிமை.

ஆட்டோவில் கடைக்குப் போய், துணியைக் கிழித்து, மூங்கில் குச்சியோடு இரண்டு மணி நேரத்தில் திரும்பினேன். மிஞ்சிய கூட்டின் பக்கம் யாரும் போகவில்லை. மீதி வயல் முழுக்க, கண்ட கண்ட இடத்தில் எல்லாம் குத்தினோம். ஒவ்வொரு கொடியடியிலும் குனிந்து, எதையோ வைத்துவிட்டு எழுந்திருக்கிறவர்கள் மாதிரி நடிக்கவேண்டும், அது சிஸ்டரின் கட்டளை. அவர் கை வேலை செய்து அன்றுதான் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, நான் ஒரு கொடி குத்துவதற்குள் அவர் இரண்டு குத்தினார்.

மறுநாளே ஸ்கூட்டரில் ஒரு கட்சிக்காரர் வந்து இறங்கினார். நூறு ரோஸ் கொடியைப் பார்த்து மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. "இதேது பார்ட்டி அண்ணாச்சீ? ஞான் அறிஞ்ஞில்லல்லோ!" தனக்குத் தெரியாமல் முளைத்த கட்சி எது என்று அவருக்குத் திகைப்பு.

"காக்காய்ப் பார்ட்டி," என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும், "காக்கைக்கு ஓட்டுண்டோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். நல்லவேளை, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் காக்கைகளுக்குத் திருவிழா. இருபது முப்பது வந்து கொடி கொடியாக இறங்கின. மூன்றாம் நாள் ஐந்தாறு வந்தன. அப்புறம் வந்தவையும் சிறகைக் கோதிக்கொள்ள உட்கார்ந்ததோடு சரி, கீழே இறங்கவில்லை. ஆனாலும் நிம்மதி இல்லை. மிஞ்சிய கூட்டுக்கு மிக அருகில் இருந்த கொடி ஐம்பது அடி தூரத்தில் நின்றது. காக்கை இறங்கி அந்தப் பக்கம் நடந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். கடையை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, மே மாத வெயிலில் சிஸ்டர் பக்கத்தில் மாமரத்தடியில் உட்கார்ந்து கிடந்தேன். தாயும் தகப்பனும் மாறி மாறிக் குளத்துக்கு ஓடி, வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். பேசாமல் உட்கார என்னால் ஆகாது என்று சிஸ்டருக்குத் தெரியும். என் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, "முடிச்சுப் போட்டு அவுத்துட்டு இரியுங்க" என்றார்.

ஒன்பதாம் நாள் காலை, தாய் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. பிறகு அலகில் ஒரு முட்டைத்தோட்டைக் கவ்வித் தூரத்தில் கொண்டு போட்டது. வாத்தியார் பைனாகுலரை என்னிடம் தந்தார், துண்டால் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை வந்து அந்த ஐம்பது அடிக் கொடியில் உட்கார்ந்தது. நான் பாதி எழுந்துவிட்டேன். சிஸ்டர் என் தோளைப் பிடிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஜெபம் என்று நினைக்கிறேன். காக்கை கம்படியைக் குனிந்து பார்த்தது. ஒன்றும் இல்லை. அலகைத் துணியில் துடைத்துக்கொண்டு பறந்துபோயிற்று.

தாயின் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு குஞ்சு வெளியே வந்தது. பஞ்சுக்குக் கால் முளைத்த மாதிரி. அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. மூன்றையும் கூட்டிக்கொண்டு தாய் வாய்க்கால் பக்கம் நடக்க ஆரம்பித்தது. நாலாவது எங்கே? தகப்பன் வந்து மீதி முட்டைமேல் உட்கார்ந்தது. கால் மணி, அரை மணி, முக்கால் மணி. வாத்தியார் வாட்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். வெயில் உச்சியை நெருங்கும்போது தகப்பன் எழுந்தது. ஈரம் காயாத ஒரு சின்ன உருப்படி தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்து, தகப்பனுக்குப் பின்னால் நடந்தது. வாய்க்கால் கரைப் புல்லுக்குள் அது மறைந்தபோது வாத்தியார் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஐம்பத்துநாலு வயது ஆள், சர்க்கரைக்காரன், சந்தையில் மீசை முறுக்குகிறவன், அப்படி அழுதேன். இத்தனை நாள் வாயில் வராதது அப்போதுதான் வந்தது.

"பத்தொன்பது முட்டை போச்சே சிஸ்டர். என்னாலதான போச்சு."

வாத்தியார், "சேச்சே, அப்படி இல்ல அண்ணாச்சி, யாருக்குத் தெரியும்..." என்று தொடங்கினார். சிஸ்டர் அவரைப் பேசவிடவில்லை.

"ஆமா அண்ணாச்சி. உங்களாலதான் போச்சு," என்றார். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "இந்த நாலு போவல்ல. அதுவும் உங்களாலதான். எழும்புங்க, வெயில் ஏறியாச்சு."

அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன், அந்தப் பாரம் இன்னும் என் மேலேயே கிடந்திருக்கும். எழுந்தேன். கடைக்கு வந்து, கயிற்றுச் சுருள்மேல் தலையை வைத்து, சாயங்காலம்வரை தூங்கினேன். வாடிக்கைக்காரர்கள் வந்து எவ்வளவோ எழுப்பினார்களாம், எனக்கு ஒன்றும் தெரியாது.